ஜேகுவெரிக்கு என்ன ஆயிற்று? ஒரு லைப்ரரி மூப்படையும் விதம்

இணையத்தில் கண்ணை மூடிக்கொண்டு பத்துத் தளங்களைத் தொட்டால், ஏழு தளங்களிலாவது, வலைப்பக்கத்துக்கு உயிர் கொடுக்கும் ஜேகுவெரி என்ற லைப்ரரி ஓடிக்கொண்டிருக்கும். டபிள்யூ3டெக்ஸ் போன்றவர்கள் எடுக்கும் கணக்கில் இந்த எண் வருடத்துக்கு வருடம் மெதுவாகத்தான் இறங்குகிறது. ஆனால் புதிதாக வெப் டெவலப்மென்ட் படிக்கும் ஒருவரிடம் "ஜேகுவெரி கற்றுக்கொள்ளலாமா?" என்று கேட்டுப் பாருங்கள், சிரிப்பார். நிரல்களை வைத்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் அந்தத் திட்டத்தின் பக்கத்தைத் திறந்தால், மாற்றங்களைச் சேர்ப்பவர்கள் என்று வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பத் தென்படுவதும் ஒரு கைவிரலுக்குள் அடங்கும் பெயர்கள்தான்.

பயன்படுத்துபவர்கள் கோடிக்கணக்கில், வேலை பார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில். இது எப்படி நடந்தது என்பதைத்தான் பார்க்கப்போகிறோம். ஜேகுவெரியை எடுத்துக்கொண்டது அதன் கதை முழுசாகக் கண்ணுக்குத் தெரிகிறது என்பதால். மற்ற பல லைப்ரரிகளுக்கும் ஏறக்குறைய இதே பாதைதான்.

முதலில் நான்கு சொற்கள். லைப்ரரி என்றால் வேறொருவர் முன்கூட்டியே எழுதிவைத்த நிரல். நாம் எடுத்து நம் நிரலோடு சேர்த்துக்கொள்கிறோம். அது ஓப்பன் சோர்ஸாக, அதாவது திறமூலமாக இருந்தால், யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம். திருத்தி அனுப்புபவர் பங்களிப்பாளர். அனுப்பியதைப் பார்த்து "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ முடிவு செய்யும் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர் பராமரிப்பாளர். பங்களிப்பு என்றால் நிரல் எழுதுவது மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். விளக்கக் குறிப்பு எழுதுவது, "இந்தத் தவறு என் கணினியிலும் வருகிறது, இப்படிச் செய்தால் வருகிறது" என்று உறுதிப்படுத்துவது, புதிதாக வருபவரின் கேள்விக்குப் பதில் சொல்வது எல்லாம் அதில் சேர்த்திதான். சொல்லப்போனால் கடைசி இரண்டுக்குத்தான் எப்போதும் ஆள் பஞ்சம்.

சரி, 2006-க்குப் போவோம். அந்த வருடம் ஜனவரியில், நியூயார்க்கில் பார்கேம்ப் என்ற ஒரு கூடுகையில், ஜான் ரெசிக் என்ற 21 வயதுக்காரர் பிரவுசருக்குள் ஓடும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் தான் எழுதிய ஒரு சின்ன லைப்ரரியைக் காட்டினார். அதுதான் ஜேகுவெரி. ஆகஸ்டில் 1.0 வந்தது. அது ஏன் அப்படிப் பற்றிக்கொண்டது என்று புரிய வேண்டுமானால், அன்றைக்கு ஒரு பட்டனுக்கு உயிர் கொடுக்க என்ன பாடு பட வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும்.

ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு பெட்டி மறைய வேண்டும். அவ்வளவுதான் தேவை. ஃபயர்ஃபாக்ஸில் அந்த அழுத்தலைக் கவனிக்க ஒரு கட்டளை. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அதே வேலைக்கு வேறு பெயரில் வேறு கட்டளை. ஃபயர்ஃபாக்ஸ், என்ன அழுத்தப்பட்டது என்ற விவரத்தை நம் ஃபங்ஷன், அதாவது நாம் எழுதிய நிரல்துண்டின் கையில் நேராகக் கொடுக்கும். இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அதை ஒரு பொது இடத்தில் வைத்துவிட்டு, போய் எடுத்துக்கொள் என்று விட்டுவிடும். அந்த விவரத்துக்குள் அழுத்தப்பட்ட பொருளின் பெயரும் இரண்டு பிரவுசரில் இரண்டு விதம். "இது" என்று குறிக்கும் சொல் ஒன்றில் பட்டனைச் சுட்டும், மற்றதில் மொத்த ஜன்னலையும் சுட்டும். பெட்டியைப் பட்டென்று மறைக்காமல் மெல்ல மங்க வைக்க ஆசைப்பட்டால், அதற்கும் இரண்டு வழி. ஆறு பெட்டிகளை ஒரே வகைப் பெயரைச் சொல்லி மொத்தமாகப் பிடிக்கலாம் என்றால், அதற்கு இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் வழியே இல்லை. பக்கத்தில் உள்ள ஒவ்வொரு பொருளாக எடுத்து, நீ அந்த வகையா என்று விசாரிக்க வேண்டும்.

ஜேகுவெரியில் இது ஒரே வரி. ஒரு டாலர் குறி, அடைப்புக்குள் பெட்டியின் வகைப் பெயர், ஒரு புள்ளி, பிறகு "மங்கச் செய்" என்ற கட்டளை. எந்தப் பிரவுசர் என்ற கவலையே கிடையாது. அந்த விசாரணையெல்லாம் உள்ளே நடந்துவிடும். குறைவாக எழுது, நிறையச் செய் என்பதுதான் அவர்கள் வைத்துக்கொண்ட முழக்கம், அதில் பொய்யும் இல்லை. எனக்கு இந்த வரிசை நினைவிருப்பதற்குக் காரணம், வேலைக்குச் சேர்ந்த புதிதில் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-க்காக மட்டும் தனியாக ஒரு கோப்பு வைத்திருந்தேன். அதைத் திறக்கும் நாளெல்லாம் தலைவலி நாள்.

இப்போது அந்தக் காலத்துப் பங்களிப்பாளர் யார் என்று யோசியுங்கள். என்னைப் போல, தன் வேலையில் அந்தத் தலைவலியைத் தினமும் பட்டவர். ஜேகுவெரியில் ஒரு மூலையில் சஃபாரியில் ஏதோ சரியில்லை என்று கண்டுபிடிப்பார். நாளைக்குக் காலையில் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும். அதனால் தானே உள்ளே புகுந்து சரிசெய்வார். சரிசெய்ததை அனுப்பியும் வைப்பார். அதில் தியாகமும் கிடையாது, சமூக சேவையும் கிடையாது. தன் செருப்பில் தைத்த முள்ளைத் தானே எடுக்கிற வேலை. அந்த முள் எல்லோர் செருப்பிலும் இருந்ததால் ஊருக்கும் பயன்பட்டது.

இன்னொரு வாசலும் இருந்தது: பிளகின். ஜேகுவெரியின் நடுப்பகுதியைத் தொடாமலே, அதன்மேல் நம் சொந்தச் சரக்கை ஏற்றிக்கொள்ள வழி வைத்திருந்தார்கள். நாள்காட்டி, படம் ஓடும் ஸ்லைடர், படிவத்தைச் சரிபார்ப்பது என்று ஆளாளுக்கு எழுதித் தள்ளினார்கள். நடுப்பகுதியில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றால் பராமரிப்பாளர் சம்மதம் வேண்டும். பிளகினுக்கு யார் சம்மதமும் வேண்டாம். கூச்ச சுபாவம் உள்ளவரும், ஆங்கிலத்தில் வாதாட வராதவரும்கூட நுழைய முடிந்த வாசல் அது. ஜேகுவெரியின் வெற்றிக்கு அதன் நிரலைவிட இந்த வாசல்தான் முக்கியக் காரணம் என்பது என் கட்சி.

2008 செப்டம்பரில் மைக்ரோசாஃப்டும் நோக்கியாவும் ஜேகுவெரியைத் தங்கள் கருவிகளோடு சேர்த்துக்கொள்வதாக அறிவித்தன. 2011-ல், வலைத்தளம் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸ், அதுவரை தன்னோடு வந்துகொண்டிருந்த புரோட்டோடைப் என்ற லைப்ரரியை விட்டுவிட்டு ஜேகுவெரிக்கு மாறியது. இரண்டு எண்ணைக் கூட்டுவது எப்படி என்று கேட்டால்கூட "ஜேகுவெரி போடு" என்று பதில் வரும் என்ற கிண்டல் உலவியதும் இந்தக் காலத்தில்தான்.

கூட்டம் பெருத்தால் வாசலில் ஆள் நிறுத்த வேண்டிவரும். முன்பெல்லாம் திருத்தத்தை அனுப்பினால் போதும். இப்போது அதோடு சோதனைகள் எழுதியிருக்க வேண்டும், அவை பழைய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் தேற வேண்டும், நிரலின் எழுத்து நடை அவர்கள் நடைக்கு ஒத்திருக்க வேண்டும், உரிமை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்தும் போட வேண்டும். 2012-ல் ஜேகுவெரி ஃபவுண்டேஷன் என்று ஓர் அமைப்பே வந்தது. பிளகின்களுக்காக வைத்திருந்த பழைய தளத்தில் ஸ்பேம் குவிந்து, 2011 டிசம்பரில் அதை இறக்கிவிட்டார்கள். புதியதை ஏற்ற 2013 ஜனவரி ஆயிற்று.

இவை எல்லாமே தேவையான காரியங்கள்தான். ஆனால் பராமரிப்பாளரின் வேலை இங்கே ஓசைப்படாமல் மாறிவிட்டது. "அருமை, சேர்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர், "நல்ல யோசனைதான், ஆனால் இதை பிளகினாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவராக ஆனார். லட்சக்கணக்கான தளங்கள் இறக்கிக்கொள்ளும் கோப்பு அது. ஆளுக்கு ஒரு வசதி சேர்த்தால் எல்லோருக்கும் சுமை. மறுப்பது சரிதான். ஆனால் இரண்டு முறை மறுக்கப்பட்டவர் மூன்றாவது முறை வருவதில்லை. ரெசிக்கும் 2011-ல், ஃபயர்ஃபாக்ஸைச் செய்யும் மோசில்லாவிலிருந்து, இணையத்தில் பாடம் நடத்தும் கான் அகாடமிக்குப் போனார். அதற்குள் திட்டத்தை நடத்தும் பொறுப்பு வேறு கைகளுக்கு மாறத் தொடங்கியிருந்தது.

சரிவு இங்கே தொடங்கவில்லை. அதற்கான காரணம் வெளியே இருந்தது.

பிரவுசர்கள் திருந்திவிட்டன. வகைப் பெயரைச் சொல்லிப் பொருள்களைப் பிடிக்கும் வசதி, ஜேகுவெரியில் எல்லோரும் விரும்பியதே அதுதான், 2009 வாக்கில் பிரவுசர்களுக்குள்ளேயே வந்துவிட்டது. வகைப் பெயரைச் சேர்க்கவும் நீக்கவும் தனி வசதி வந்தது. சர்வரிடமிருந்து தகவல் கேட்டு வாங்க 2015-ல் ஃபெட்ச் என்ற கட்டளை வந்தது. மெல்ல மங்கவைக்கும் வேலையை, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ் எடுத்துக்கொண்டது. பிரவுசர்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளவும் ஆரம்பித்தன. ஜேகுவெரி தீர்த்துவைக்க வந்த பிரச்சினையே ஒவ்வொன்றாகக் கரைந்துபோயிற்று. இதில் பாதிக்குமேல் ஜேகுவெரி காட்டிய வழி என்பதும் உண்மை: மக்கள் எதை விரும்புகிறார்கள் என்று அதைப் பார்த்துத்தான் பிரவுசர் செய்பவர்களுக்கு விளங்கியது.

கிட்ஹப் நல்ல உதாரணம். 2007 கடைசியில் ஜேகுவெரி 1.2.1-ஐச் சேர்த்துக்கொண்டுதான் அந்தத் தளம் தொடங்கியது. பிறகு பல வருடம் எடுத்து, ஒவ்வொரு இடமாகப் பிரவுசரின் சொந்தக் கட்டளைகளுக்கு மாற்றி, 2018-ல் முழுவதுமாக நீக்கிவிட்டதாக அறிவித்தார்கள். அந்த இடத்தில் வேறு எந்தப் பெரிய சட்டகத்தையும் கொண்டுவந்து வைக்கவும் இல்லை. 2021-ல், பக்க வடிவமைப்புக்கு உதவும் பூட்ஸ்டிராப் என்ற தொகுப்பின் 5-வது பதிப்பு வந்தபோது அதுவும் ஜேகுவெரியைக் கைவிட்டது. இன்னொரு பக்கம், பெரிய வலைச் செயலிகளைக் கட்டும் இளைஞர்கள் ரியாக்ட், வியூ என்ற புதிய லைப்ரரிகள் பக்கம் போய்விட்டார்கள். அங்கேதான் புது முட்கள் இருந்தன.

வீட்டுக்கு வீடு போர்வெல் வந்த ஊரில் குளம் தூர்வார ஆள் வராத கதைதான் இது. குளம் கெட்டுப்போய்விடவில்லை; மாடு இன்னும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறது. மண்வெட்டியோடு வந்தவருக்குத்தான் இப்போது வர வேண்டிய அவசியம் இல்லை.

இந்த இடத்தில் ஜேகுவெரியின் சமவயதுக்காரரான மூடூல்ஸைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அதுவும் 2006-ல் வந்ததுதான், அழகான லைப்ரரி. ஆனால் ஓர் அடிப்படை முடிவு வேறு. ஜேகுவெரி தன் வசதிகளையெல்லாம் டாலர் குறி என்ற தன் சொந்தப் பைக்குள் வைத்துக்கொண்டது. மூடூல்ஸ், மொழியின் சொந்தப் பொருள்களிலேயே கைவைத்தது. ஜாவாஸ்கிரிப்டின் ஒவ்வொரு வரிசைக்கும், அதாவது அர்ரேக்கும், ஃபிளாட்டன் என்ற புது வசதியைத் தானே பொருத்திவிட்டது. அடுக்குக்குள் அடுக்காக இருப்பதை ஒரே தட்டாக விரிப்பது அதன் வேலை.

மூடூல்ஸின் கடைசிப் பதிப்பு 2016 ஜனவரியில் வந்த 1.6.0. அதன்பிறகு கூட்டம் கலைந்துவிட்டது என்றே சொல்லலாம். இரண்டு வருடம் கழித்து, 2018-ல், ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் தரத்தை முடிவுசெய்யும் டிசி39 குழு, அதே வேலையைச் செய்யும் வசதியை மொழியிலேயே சேர்க்க நினைத்தது. பெயரும் அதேதான்: ஃபிளாட்டன். ஃபயர்ஃபாக்ஸின் சோதனைப் பதிப்பில் போட்டுப் பார்த்தபோது, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு பிரபலமான தளம் உடைந்தது. காரணம் மூடூல்ஸ். அது தன் வரிசை வசதிகளை வேறோர் இடத்துக்கு நகலெடுக்கும் பழக்கம் உள்ளது. பெயர் ஏற்கெனவே பிரவுசரிலேயே இருந்தால், நகலெடுக்கும்போது அந்தப் பெயரை மட்டும் தவறவிட்டுவிடும். பிறகு அதைத் தேடும் நிரல் வெறுங்கையோடு திரும்பும்.

அந்தப் பழைய தளங்களைப் போய்த் திருத்த ஆள் கிடையாது. எழுதியவர் எந்தக் கம்பெனியில் இருக்கிறாரோ. ஆகவே மொழிதான் வளைந்து கொடுத்தது. வேடிக்கைக்காக ஸ்மூஷ் என்று பெயர் மாற்றலாம் என்று ஒருவர் முன்மொழிய, அதை உண்மை என்று நம்பிச் சிலர் கொதிக்க, அந்தக் கூத்துக்கு ஸ்மூஷ்கேட் என்ற பெயர் நிலைத்துவிட்டது. கடைசியில் வைத்த பெயர் ஃபிளாட். இன்று ஜாவாஸ்கிரிப்ட் படிக்கும் ஒவ்வொருவரும் ஃபிளாட் என்றுதான் எழுதுகிறார்கள், மூடூல்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாமல். பங்களிப்பாளர்கள் கலைந்துபோன பிறகும் ஒரு லைப்ரரி எவ்வளவு காலம் பாரம் கொடுக்கும் என்பதற்கு இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

அப்புறம், இப்போது ஜேகுவெரியின் வாசலுக்கு யார் வருகிறார்கள்?

2020 ஏப்ரலில் வந்த 3.5.0 பதிப்பைப் பார்ப்போம். ஜேகுவெரிக்குள் வெகுகாலமாக ஒரு குட்டி நிரல் இருந்தது. வலைப்பக்கத்தை அமைக்கும் மொழியான எச்டிஎம்எல்லில் நாம் எழுதும்போது ஒரு பெட்டியைத் திறந்து அப்படியே சாய்கோடு போட்டு மூடிவிட்டால், அது "முறையாகத் திறந்து, முறையாக மூடிய" வடிவமாக அதை மாற்றி எழுதும். பழைய காலத்துச் சோம்பேறித்தனத்துக்குச் செய்த உபகாரம். ஆனால் இந்த மாற்றி எழுதலைக் குறிவைத்து, பாதுகாப்பானது என்று வடிகட்டிய உரைக்குள்ளும் தீய நிரலை நுழைக்க முடியும் என்று ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் காட்டினார். திருத்தம் என்ன? அந்தக் குட்டி நிரல் எதையும் தொடாமல், வந்ததை வந்தபடியே திருப்பி அனுப்ப வேண்டும். புதிதாக எழுத ஒன்றுமே இல்லை, நீக்குவதுதான் வேலை.

அதைச் செய்தால், அந்தச் சோம்பேறி எழுத்தை நம்பியிருக்கும் தளங்கள் சில உடையும். செய்யாவிட்டால் எல்லாத் தளங்களிலும் ஓட்டை. உடையும் என்று தெரிந்தே, முன்னெச்சரிக்கை எழுதி, மாறுவதற்கு உதவும் தனிக் கோப்பும் கொடுத்து வெளியிட்டார்கள். ஒரு முதிய லைப்ரரியைப் பராமரிப்பது என்றால் பெரும்பாலும் இதுதான். வரிகள் குறையும், பொறுப்புக் கூடும். இப்படி வேலை செய்பவருக்கு மாநாட்டில் மேடை கிடைக்காது.

இதன் மறுமுனையில் நானும் மாட்டியிருக்கிறேன். அதே 2020 ஆகஸ்டில், வலைத்தளம் நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளின் 5.5 பதிப்பு வந்தது. ஜேகுவெரியின் பழைய, கைவிடப்பட்ட கட்டளைகளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்த "மைக்ரேட்" என்ற ஊன்றுகோலை அந்தப் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை தெரிந்தவர் ஒருவரிடமிருந்து போன்: "தம்பி, கடை வெப்சைட்ல மெனுவே திறக்க மாட்டேங்குது." பிரவுசரில் தவறுகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால் ஒற்றைச் சிவப்பு வரி: லைவ் என்ற ஃபங்ஷனே இல்லை. லைவ், ஜேகுவெரி 1.9-லேயே நீக்கப்பட்ட கட்டளை, அதாவது 2013-ல். அந்த மெனுவை ஆட்டிவைத்த தீம், அதாவது தளத்தின் வடிவமைப்புத் தொகுப்பு, கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று பார்த்தால் அதற்கும் முந்தைய தேதி. ஏழு வருடமாக அந்த மெனுவைத் தாங்கிக்கொண்டிருந்தது அந்த ஊன்றுகோல்தான் என்று கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்றைக்கு நான் வாய்க்குள் திட்டியது ஜேகுவெரியைத்தான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கோபம் எப்போதும் கண்ணுக்குத் தெரியும் பெயர் மேல்தானே போகும்.

ஆக, வாசலுக்கு வருபவரின் முகம் மாறிவிட்டது. முன்பு வந்தவர் கையில் திருத்தம் இருந்தது. இப்போது வருபவர் கையில் இருப்பது பெரும்பாலும் புகார், அல்லது பாதுகாப்பு ஸ்கேனர் கக்கிய அறிக்கை. "எங்கள் தணிக்கையில் உங்கள் பழைய பதிப்பு சிவப்பாக வருகிறது, எப்போது சரிசெய்வீர்கள்?" என்று ஒரு நிறுவனத்து ஊழியர் எழுதுவார். புதிய பதிப்புக்கு மாறினால் சரியாகிவிடும். ஆனால் மாற அவர்களுக்கு நேரம் இல்லை. அவர் மேலும் குற்றமில்லை. அவர் இந்த லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. பத்து வருடத்துக்கு முன் வேறு யாரோ சேர்த்துவிட்டுப் போனதைச் சுமக்கிறார். தேர்ந்தெடுத்து வருபவருக்கும் சுமந்து வருபவருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஒரு லைப்ரரியின் இளமைக்கும் முதுமைக்கும் உள்ள வித்தியாசம் என்று தோன்றுகிறது.

வேறொரு ரகமும் உண்டு. திறமூலத்தில் பங்களித்தால் வேலை கிடைக்கும் என்ற பேச்சு பரவியபின் வந்த கூட்டம். 2020-ல், திறமூலப் பங்களிப்பை ஊக்குவிக்கும் ஹேக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டீ-ஷர்ட் என்றபோது, விளக்கக் கோப்பில் "அற்புதமான" என்று ஒரு சொல்லை மட்டும் சேர்த்து அனுப்பியவர்கள் ஏராளம். தொல்லை தாங்காமல், விரும்பும் திட்டங்கள் மட்டும் பெயர் கொடுத்துக் கலந்துகொள்ளலாம் என்று அமைப்பாளர்கள் விதியை மாற்றினார்கள். 2024 தொடக்கத்தில் எக்ஸ்பிரஸ் என்ற திறமூலத் திட்டத்துக்கு இதேபோல் ஒரு வெள்ளம் வந்தது. நம் நாட்டு யூடியூப் பாடம் ஒன்றில், புல் ரிக்வெஸ்ட், அதாவது "என் திருத்தத்தைச் சேருங்கள்" என்ற கோரிக்கை அனுப்புவது எப்படி என்று காட்ட அந்தத் திட்டத்தையே எடுத்துக்காட்டியிருந்தார்கள். பார்த்த மாணவர்கள் வரிசையாகத் தங்கள் பெயரை விளக்கக் கோப்பில் சேர்த்து அனுப்பினார்கள். ஒவ்வொன்றையும் ஒருவர் திறந்து பார்த்து மூட வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. பழகிப் பார்க்கத் தனியாக ஒரு இடம் இருக்கிறது என்று சொல்லிக்கொடுக்காதவர் யார்?

இப்படிப் புகாரும் வெள்ளமும் வந்துகொண்டிருக்க, சம்பளமில்லாமல் பதில் சொல்லிக்கொண்டிருப்பவர் ஒருநாள் களைத்துப்போவார். களைத்தவர் என்ன செய்வார் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற லைப்ரரியில் 2018-ல் அது நடந்தது. எழுதியவருக்கு அதில் ஆர்வம் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது, வருமானமும் கிடையாது. ஆனால் வாரத்துக்குப் பத்து லட்சம் முறைக்குமேல் அது இறக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முகம் தெரியாத ஒருவர், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பினார். எழுதியவர் சாவியைக் கொடுத்துவிட்டார். புதியவர் முதலில் ஒழுங்காகச் சில திருத்தங்கள் செய்தார். பிறகு செப்டம்பரில் இன்னொரு சின்ன லைப்ரரியைச் சேர்த்தார். அதற்குள் ஒளித்துவைத்திருந்தது, கோபே என்ற பிட்காயின் பர்ஸிலிருந்து பணம் திருடும் நிரல். நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. சாவி கொடுத்தவரை அன்றைக்கு எல்லோரும் வாரினார்கள். வாரியவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் ஒரு நாளாவது "நான் உதவட்டுமா?" என்று கேட்டிருப்பார்கள்?

இதற்கு நேரெதிராக, தேதிகளைக் கையாளும் மொமென்ட் என்ற லைப்ரரி 2020 செப்டம்பரில் ஒரு காரியம் செய்தது. வாரத்துக்கு 1.2 கோடிக்குமேல் இறக்கம் இருந்த நேரத்திலேயே, இனிப் புது வசதிகள் இல்லை, புதிதாகத் தொடங்குபவர்கள் வேறு லைப்ரரிகளைப் பாருங்கள் என்று அதன் பராமரிப்பாளர்களே எழுதி, எவை என்றும் பட்டியல் கொடுத்தார்கள். அதில் ஓர் அடிப்படைக் கோணல் இருந்தது: ஒரு தேதியோடு ஏழு நாள் கூட்டினால் புதிய தேதி கிடைக்காது, கையில் இருக்கும் பழைய தேதியே மாறிவிடும். திருத்தலாம்தான், ஆனால் இந்தக் கோணலை நம்பி லட்சக்கணக்கான நிரல்கள் எழுதப்பட்டுவிட்டன. ஆகவே திருத்தாமல், இதற்குமேல் இது வளராது என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு இது தோல்வியாகப் படவில்லை. கடைக்கு முன்னால் "வியாபாரம் இல்லை, பழைய வாடிக்கையாளருக்கு மட்டும் பழுதுபார்க்கப்படும்" என்று பலகை வைப்பது நாணயமான காரியம்.

ஜேகுவெரி இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழியில் போகிறது. அமைப்பு ரீதியாக அது இணைந்து இணைந்து வந்திருக்கிறது: 2016-ல் ஜேஎஸ் ஃபவுண்டேஷன், 2019-ல் நோட்ஜேஎஸ் அமைப்போடு சேர்ந்து ஓப்பன்ஜேஎஸ் ஃபவுண்டேஷன். வேலை பார்ப்பவர்கள் சிலர்தான் என்றாலும், சாவி ஒரு தனி மனிதரின் சட்டைப் பையில் இல்லை. ஒருவருக்கு அலுத்துவிட்டால் அது அடுத்தவரிடம் போய்ச் சேர ஒரு வழி இருக்கிறது. கையெழுத்து, ஒப்பந்தம் என்று மேலே சொன்ன சலிப்பூட்டும் ஏற்பாடுகள், இளமையில் ஆட்களை விரட்டியவை, முதுமையில் காப்பாற்றுகின்றன.

நீங்கள் ஒரு லைப்ரரியைத் தேர்ந்தெடுக்கும்போது கிட்ஹப்பில் பிடித்தவர்கள் போடும் நட்சத்திரங்களின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். நட்சத்திரம் கொடுத்தவர் யாரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதில்லை. கடைசிப் பதிப்பு எப்போது, கடந்த ஒரு வருடத்தில் மாற்றங்களைச் சேர்த்தவர்கள் எத்தனை பேர், பாதுகாப்புப் புகாருக்குப் பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். மாற்றம் குறைவாக இருப்பது மட்டும் கெட்ட சகுனம் அல்ல. முடிந்த வேலையில் மாற்றம் குறைவாகத்தான் இருக்கும். மூடப்படாத கேள்விகளுக்குக் கீழே "எனக்கும் இதே பிரச்சினை" என்று பத்துப் பேர் எழுதி, பராமரிப்பாளர் ஒருவரும் எட்டிப் பார்க்காமல் இருந்தால், அங்கே வீட்டில் ஆள் இல்லை.

உதவத் தோன்றினால், புது வசதியோடு போகாதீர்கள். பழைய புகார் ஒன்றை எடுத்து, அது இன்றைய பதிப்பிலும் வருகிறதா என்று ஓட்டிப் பார்த்து, வந்தால் எப்படி வருகிறது, வராவிட்டால் வரவில்லை என்று நான்கு வரி எழுதுங்கள். பராமரிப்பாளரின் அரை மணி நேரம் மிச்சம்.

ஜேகுவெரி 4.0, முதல் அறிமுகத்துக்குச் சரியாக இருபது வருடம் கழித்து, 2026 ஜனவரியில் வந்தது. பெரிய பதிப்பு ஒன்று வந்து பத்து வருடத்துக்குப் பக்கம் ஆகியிருந்தது, 3.0 வந்தது 2016 ஜூனில். புதியதன் அறிவிப்பில் அதிகம் இருப்பது எவையெல்லாம் நீக்கப்பட்டன என்ற பட்டியல்: மொழியிலேயே வந்துவிட்டதால் இனி வேண்டாத ட்ரிம், வரிசையா என்று சோதிக்கும் கட்டளை, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 10-க்கும் அதற்கு முந்தியவற்றுக்கும் எழுதிய ஒட்டுகள். ஆனால் 11-க்கான ஆதரவை விட்டுவைத்திருக்கிறார்கள், அது 5.0-ல்தான் போகும். மைக்ரோசாஃப்டே அந்தப் பிரவுசரை 2022 ஜூனில் மூடிவிட்டது. எங்கோ ஒரு அலுவலகத்தில் அதில் இன்னும் ஒரு படிவம் திறக்கிறது என்பதற்காக, திருத்தங்களைச் சேர்ப்பதற்குமுன் அதிலும் ஒருமுறை சோதனையை ஓட்டிப் பார்க்கிறார்கள்.